செல்லங்கள் கேள்வி பதில்: காட்டில் பிடித்த பச்சோந்திக்கு முதல் மருந்து தண்ணீர்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் நான்கு பச்சோந்தி பற்றியவை. நாய், பூனை கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை எடுத்துக்கொள்கிறேன். முதல் கடிதம் காத்திருக்கக்கூடியது அல்ல. அதை எழுதியவருக்கு அன்றைக்கே மின்னஞ்சலில் நாலு வரி அனுப்பிவிட்டேன். விரிவான பதிலை இங்கே எழுதுகிறேன். இதே நிலையில் வேறு வீடுகளிலும் ஒரு பச்சோந்தி கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

கேள்வி: வணக்கம் டொக்டர். எனது 14 வயது மகனுக்கு ஊர்வன விற்பனைச் சந்தை ஒன்றில் பான்தர் பச்சோந்தி வாங்கிக் கொடுத்தோம். பெண் என்று சொன்னார்கள். மடகாஸ்கர் காட்டில் பிடித்தது, அதனால்தான் விலை குறைவு என்றார்கள். மூன்று கிழமையாக வீட்டில் இருக்கிறது. கண்ணாடித் தொட்டியில் வைத்து, கிண்ணத்தில் தண்ணீரும் வைத்திருக்கிறோம். குடித்ததை யாரும் காணவில்லை. கண் உள்ளே போயிருக்கிறது, பகலிலும் மூடிக்கொண்டு கிடக்கிறது. வந்தபோது இருந்த வெளிறிய பீச் பழ நிறம் போய், கறுப்பாகி, பக்கவாட்டில் ஒரேஞ்சுப் பட்டைகள் வந்திருக்கின்றன. இரண்டு நாளாகத் தொட்டியின் அடியில் இறங்கி மூலையைச் சுரண்டுகிறது. விலாப் பக்கம் தோலுக்குக் கீழே நூல் போல ஒன்று நெளிவதை மகன் காட்டினான். எனக்குப் பயமாகக் கிடக்கிறது. இது பிழைக்குமா? மகன் இன்னொன்றும் கேட்கச் சொன்னான்: பச்சோந்தி இருக்கிற இடத்தின் நிறத்துக்கு மாறும் என்கிறார்களே, இது ஏன் மாறவில்லை?
— ஒரு வாசகி, ஸ்கார்பரோ, டொராண்டோ

பதில்: பிழைக்க வாய்ப்பு இருக்கிறது, சகோதரி. ஆனால் இந்தக் கிழமை நீங்கள் செய்யப்போவதைப் பொறுத்துத்தான். நீங்கள் எழுதியதில் மூன்று தனித்தனிப் பிரச்சினைகள் கலந்திருக்கின்றன: தண்ணீர், முட்டை, புழு. வீட்டில் எல்லோரையும் பயமுறுத்துவது அந்த நூல் போன்ற புழு. அவசர வரிசையில் அதுதான் கடைசி.

முதலில் தண்ணீர். உங்கள் பச்சோந்தி வந்த வழியை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். பச்சோந்தி இரவில் கிளை நுனியில் தூங்கும். தூங்கும்போது உடல் வெளிறிவிடும். டார்ச் வெளிச்சம் பட்டால் இலைகளுக்கு நடுவே வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். அப்படித்தான் பிடிக்கிறார்கள். பிறகு துணிப்பை, இடைத்தரகர், ஏற்றுமதியாளரின் கிடங்கு, விமானம், இறக்குமதியாளர், மொத்த வியாபாரி, சந்தை மேசை. இந்த வழி நெடுகிலும் அது ஒழுங்காகத் தண்ணீர் குடித்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. உங்கள் வீட்டிலும் குடிக்கவில்லை. காரணம் எளிது: தேங்கி நிற்கும் தண்ணீரைப் பெரும்பாலான பச்சோந்திகள் தண்ணீராகவே பார்ப்பதில்லை. காட்டில் அவை குடிப்பது இலையில் உருளும் மழைத்துளியையும் பனித்துளியையும். கிண்ணம் நிறைய இருந்தாலும் அதன் பக்கத்திலேயே தாகத்தில் சாகும். உள்ளே போன கண் அதைத்தான் சொல்கிறது. எச்சத்தோடு வரும் வெள்ளைக் கட்டியையும் கவனியுங்கள்: வெள்ளையாக இருந்தால் நல்லது, ஆழ்ந்த மஞ்சளோ ஒரேஞ்சோ என்றால் உடம்பில் நீர் வற்றியிருக்கிறது. வற்றல் நீடித்தால் சிறுநீரகம் கெடும். காட்டில் பிடித்த பச்சோந்திகள் பல, வாங்கிச் சில மாதங்களில் இறந்துபோவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

இன்றைக்கே செய்ய வேண்டியது இது. ஒரு பிளாஸ்டிக் கோப்பையின் அடியில் குண்டூசியால் ஓட்டை போடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பிக் கூண்டின் மேல் வையுங்கள். சொட்டு ஒவ்வொன்றும் ஒரு இலையில் விழுந்து, அடுத்த இலைக்கு வழிந்து இறங்க வேண்டும். கீழே ஒரு தட்டு. காலையில் சில மணி நேரம் சொட்டட்டும். அதோடு மெல்லிய நீர்த்தூவியால் இலைகளை நனையுங்கள். ஒரு நிமிடம் விசிறிவிட்டு நிறுத்தாதீர்கள், இப்போதைக்கு ஒவ்வொரு முறையும் இருபது நிமிடமாவது வேண்டும். பச்சோந்தி உடனே குடிக்காது. முதலில் சொட்டு விழும் திசைக்கு ஒரு கண் மட்டும் திரும்பும். மற்றக் கண் உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும். நீங்கள் அசையாமல் இருந்தால், அல்லது அறையை விட்டே போய்விட்டால், மூக்கு நுனியை இலை ஓரத்தில் வைத்து, நாக்கின் முனையைத் துளியளவு நீட்டித் தொடும். பிறகு தலையைச் சற்று உயர்த்தி, தாடையை மெல்ல மெல்ல மென்று, தொண்டை ஏறி இறங்க விழுங்கும். ஒரு முறை அப்படி ஆரம்பித்துவிட்டால், தாகப்பட்ட பச்சோந்தி நீண்ட நேரம் குடிக்கும். இடையில் கையைக் கொண்டுபோய் நிறுத்திவிடாதீர்கள். வாயைத் திறந்து ஊசிக்குழாயால் ஊற்றுவதும் வேண்டாம். மூச்சுக்குழாய்க்குள் போனால் நிமோனியா வரும்.

அடுத்தது கூண்டு. கண்ணாடித் தொட்டியில் அது தன் பிம்பத்தையே பார்க்கும். பச்சோந்தி தனித்து வாழும் உயிர். இன்னொரு பச்சோந்தி கண்ணில் பட்டாலே படபடக்கும். தன் பிம்பமும் அதற்கு எதிரிதான். வளர்ந்த பான்தருக்கு இரண்டடி அகலம், இரண்டடி ஆழம், நாலடி உயரமுள்ள வலைக்கூண்டு பொருத்தம். அதைத் தரையில் வைக்காமல் மேசை மேல் வையுங்கள். உட்காரும் கிளை உங்கள் கண் மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். மேலிருந்து வரும் எதையும் பச்சோந்தி பருந்தாகத்தான் எடுத்துக்கொள்ளும். மூன்று பக்கத்தை மூடி ஒரு பக்கத்தை மட்டும் திறந்து வைத்தால் அது அமைதியாகும். டொராண்டோ குளிர்காலத்தில் வீட்டுச் சூடாக்கி காற்றை வறளடிக்கும். பக்கங்களைப் பிளாஸ்டிக் தாளால் மூடினால் ஈரமும் நிற்கும். ஆனால் முழுக்க அடைத்துவிடாதீர்கள். காற்றோட்டமில்லாத ஈரத்தில் நுரையீரல் நோய் வரும். சூடாக்கியின் காற்றுவாய்க்கு நேராகவும் வைக்க வேண்டாம்.

உள்ளே நிஜச் செடி வையுங்கள்: மணி பிளான்ட், செம்பருத்தி, ஃபைகஸ். பிளாஸ்டிக் இலை தண்ணீரைத் தாங்கினாலும் பச்சோந்திக்கு ஒளிந்துகொள்ளும் நிம்மதியைத் தராது. ஒளிந்துகொள்ள முடிந்த பச்சோந்திதான் வெளியே வரும். விரல் பருமனுள்ள கிளைகளைப் படுக்கைவசமாகவும் சாய்வாகவும் கட்டுங்கள். அதன் பாதம் கிளையைக் கவ்வவே அமைந்தது: முன்காலில் வெளிப்பக்கம் இரண்டு விரல், உள்பக்கம் மூன்று, பின்காலில் அது தலைகீழ். தட்டையான தரையில் விட்டால் தடுமாறுவது இதனால்தான்.

மேலே இரண்டு விளக்கு வேண்டும். ஒன்று வெயில் காயும் விளக்கு. அதற்கு நேர் கீழே உள்ள கிளையில் 29 முதல் 31 டிகிரி செல்சியஸ், கூண்டின் மற்றப் பகுதி 24 முதல் 27, இரவில் எல்லா விளக்கும் அணைத்து 18 முதல் 22. இன்னொன்று யூ.வி.பி. குழல் விளக்கு. இதில் மட்டும் செலவைக் குறைக்காதீர்கள். புற ஊதாக் கதிர் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி3 உருவாகும். அது இல்லாமல் எவ்வளவு கால்சியம் போட்டாலும் எலும்பில் சேராது. முட்டைச் சுமையில் இருக்கும் பெண்ணுக்கு இது இரட்டிப்பாகத் தேவை. சன்னல் ஓரத்தில் வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள்; கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். சிறிய சுருள் பல்புக்குப் பதில் நீளமான டி5 குழல் வாங்குங்கள். விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் கதிர் குறைந்துகொண்டே போகும்; வருடத்துக்கு ஒரு முறையாவது மாற்ற வேண்டும்.

இப்போது முட்டை. இதை எழுதும்போது எனக்கு உண்மையிலேயே கவலை. பீச் நிறம் போய்க் கறுப்பில் ஒரேஞ்சுப் பட்டை வருவது பான்தர் பெண்ணிடம் ‘நான் சினை, கிட்டே வராதே’ என்று ஆண்களுக்குக் காட்டும் நிறம். அடியில் இறங்கி மூலையைச் சுரண்டுகிறது என்றால் முட்டையிட இடம் தேடுகிறது. காட்டிலேயே இணைசேர்ந்திருக்கும், உங்கள் வீட்டில் ஆண் தேவையில்லை. பெண் பச்சோந்திகள் விந்தணுவை உடலுக்குள் சேமித்து வைத்து அடுத்த ஈட்டுக்கும் பயன்படுத்தக்கூடியவை. இடம் கிடைக்காவிட்டால் முட்டையை அடக்கிக்கொள்ளும். அடக்கிய முட்டை உள்ளேயே தங்கி உயிரைக் குடிக்கும்.

ஒரு அடிக்குக் குறையாத ஆழமுள்ள வாளியோ பிளாஸ்டிக் பெட்டியோ எடுங்கள். கழுவிய விளையாட்டு மணலை நிரப்பி, தண்ணீர் தெளித்துப் பிசையுங்கள். பதம் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை: புட்டுக்கு மா குழைக்கிற பதம். பிடித்தால் பிடிபட வேண்டும், அதில் விரலால் குடைந்த துளை இடிந்து விழக்கூடாது. கூண்டின் அடியில் வைத்து, அதற்குள் இறங்க ஒரு கிளையைச் சாய்த்து வையுங்கள். பிறகு கூண்டை ஒரு மெல்லிய துணியால் மூடிவிடுங்கள். இதுதான் முக்கியம். தோண்டும்போது யாராவது பார்ப்பது தெரிந்தால் பாதியில் விட்டுவிட்டு மேலே ஏறிவிடும்; சில பெண்கள் மறுபடி இறங்குவதே இல்லை. மகனிடம் சொல்லுங்கள், கைப்பேசியை ஒரு மூலையில் வைத்துப் படம் பிடிக்கலாம், நேரில் எட்டிப் பார்க்கக்கூடாது. அது குழிக்குள் முழுதாக மறைந்து, இரவு முழுவதும் உள்ளேயே இருந்தாலும் பயப்படாதீர்கள். முட்டையிட்டுவிட்டுத் தானே மண்ணை மூடி, மண் அப்பிய முகத்தோடு மேலே வரும். வயிறு ஒட்டிப்போயிருக்கும். அப்போது மறுபடியும் நிறையத் தண்ணீர், பிறகு நிறையச் சாப்பாடு.

தோண்டி முடித்தும் முட்டை வரவில்லை, அல்லது தோண்டுவதை விட்டுவிட்டு அடியிலேயே கண்ணை மூடிப் படுத்துவிட்டது, பிடி தளர்ந்துவிட்டது என்றால் அன்றே ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போங்கள். எக்ஸ்ரேயில் முட்டைகள் தெரியும். கால்சியமும் ஊசியும் பலன் தரலாம், இல்லையென்றால் அறுவை. நாய், பூனை மட்டும் பார்க்கும் மருத்துவரிடம் நேரம் வீணாகும், தொலைபேசியிலேயே “பச்சோந்தி பார்ப்பீர்களா?” என்று கேட்டுவிட்டுப் போங்கள். அந்த எண்ணை இன்றைக்கே தேடிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வையுங்கள்.

உங்களை நடுங்க வைத்த அந்த நூலுக்கு வருகிறேன். நேரில் பார்க்காமல் உறுதி சொல்ல முடியாது. ஆனால் தோலுக்கடியில் நெளிகிறது என்றால் பெரும்பாலும் ஃபொலேயெல்லா என்ற புழுதான். நம் ஊர்களில் யானைக்கால் நோயைத் தரும் புழு இருக்கிறதே, அதன் உறவுப் புழு. இதுவும் கொசு மூலமாகத்தான் பச்சோந்தியிலிருந்து பச்சோந்திக்குப் பரவும். உங்களுக்கோ மகனுக்கோ வராது. தோலில் சின்னக் கீறல் போட்டு இடுக்கியால் நூலை இழுப்பது போல மருத்துவர் எடுத்துவிடுவார். ஆனால் நீர் வற்றி, முட்டை சுமந்து நிற்கும் உடம்பில் அதை இப்போது செய்ய வேண்டாம். முட்டை வெளியே வந்து, கண் மேடிட்டு, சாப்பிடத் தொடங்கிய பிறகு செய்யலாம்.

குடற்புழு வேறு கதை. காட்டில் பிடித்தவற்றில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஏதாவது ஒரு புழு இருக்கும். காட்டில் அதோடு சமாளித்து வாழ்ந்துகொண்டிருக்கும். பயணத்தில் உடம்பு நொந்ததும் புழுவின் கை ஓங்கிவிடும். புதிய எச்சத்தை ஈரமான மெல்லிய தாளோடு சிறு பையில் போட்டு மூடி, ஒரு நாளுக்குள் மருத்துவரிடம் கொடுங்கள். தாமதமானால் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்கலாம், உறைய வைக்கக்கூடாது. நுண்ணோக்கியில் எந்தப் புழுவின் முட்டை என்று பார்த்த பிறகுதான் மருந்து. “எதற்கும் இருக்கட்டும்” என்று கடையிலோ இணையத்திலோ புழு மருந்து வாங்கிக் கொடுக்காதீர்கள். மருந்தளவை இங்கே எழுதவும் மாட்டேன். வளர்ந்த பான்தர் பெண்ணின் எடை பெரும்பாலும் 100 கிராமுக்குள்தான். ஒரு சொட்டு கூடினாலும் ஆபத்து. ஐவர்மெக்டின் என்ற புழு மருந்து ஆமைகளுக்கு நஞ்சு. பச்சோந்திக்கும் அதை மிகுந்த எச்சரிக்கையோடுதான் பயன்படுத்துகிறோம். ஒரு முறை கொடுத்தால் முடிந்தது என்றும் இல்லை. சில வாரம் கழித்து எச்சத்தை மறுபடி சோதிக்க வேண்டும்.

சாப்பாடு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மூன்று கிழமையாக அது எவ்வளவு தின்றது என்பதை ஊகிக்க முடிகிறது. காட்டிலிருந்து வந்தவற்றுக்குக் கடையில் விற்கும் பழுப்புக் கிரிக்கெட் பூச்சி உணவாகவே தோன்றாமல் போகலாம். ஈக்களின் கூட்டுப்புழுக்கள் கடையில் கிடைக்கும். அவற்றை வாங்கி ஒரு சிறு டப்பாவில் கூண்டுக்குள்ளேயே பொரிய விடுங்கள். பறக்கும் ஈயைப் பார்த்தால், பல நாள் அசையாமல் இருந்த பச்சோந்தியும் நாக்கை எறியும். பட்டுப்புழு, பச்சைநிறக் கொம்புப்புழுவும் நல்லவை. அவற்றில் நீர்ச்சத்து அதிகம். கிரிக்கெட் பூச்சி போட்டால் அதற்கு முந்தைய நாள் கீரையும் காரட்டும் தின்னக் கொடுத்து, கால்சியம் தூளில் லேசாகப் புரட்டிப் போடுங்கள். மிஞ்சியதை இரவுக்கு முன் எடுத்துவிடுங்கள். தூங்கும் பச்சோந்தியை அவை கடிக்கும். தோட்டத்தில் பிடித்த பூச்சி வேண்டாம். குறிப்பாக மின்மினி: ஒன்றைத் தின்றாலே பல்லியினங்கள் இறந்துவிடும்.

குறைந்தது ஒரு மாதமாவது கையில் எடுக்காதீர்கள். வாரம் ஒரு முறை சமையல் தராசில், அது உட்கார்ந்திருக்கும் கிளையோடு வைத்து எடை பாருங்கள், குறித்து வையுங்கள். கூண்டைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஊர்வனவற்றிடம் சால்மொனெல்லா கிருமி இருக்கும். கூண்டுச் சாமான்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவ வேண்டாம். வீட்டில் கைக்குழந்தையோ மிக வயதானவர்களோ இருந்தால் இன்னும் கவனம்.

விற்றவரிடம் ரசீதும் இறக்குமதி விவரமும் கேட்டு வாங்கி வையுங்கள். பச்சோந்திகள் சைட்டிஸ் எனப்படும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தின் கீழ் வருபவை. மடகாஸ்கரிலிருந்து அனுமதிப் பத்திரம் இல்லாமல் வெளியே வரக்கூடாது. மகனுக்கு இதில் உண்மையான ஆசை இருக்கிறது என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. இன்னொன்று வாங்கும் நாள் வந்தால், வீட்டிலேயே இனப்பெருக்கம் செய்தவரிடம், கூண்டில் பிறந்த குஞ்சாக வாங்குங்கள். பான்தர் அப்படித் தாராளமாகக் கிடைக்கும் இனம். விலை கூடத்தான், இப்போது மருத்துவருக்குப் போகப்போகிற பணத்தைச் சேர்த்துப் பார்த்தால் கூடுதலாகத் தெரியாது.

மகனின் கேள்விக்கு: தம்பி, பச்சோந்தி தான் நிற்கும் இடத்தின் நிறத்துக்கு மாறுவதில்லை. அதன் இயல்பான பச்சையும் பழுப்பும்தான் அதை இலைகளுக்குள் மறைக்கின்றன. மாறுவது மனநிலை, உடல்நிலை, வெப்பம் ஆகியவற்றுக்காக. குளிர்ந்தால், சீக்கிரம் வெயிலை உறிஞ்சுவதற்காகக் கறுக்கும்; சூடேறினால் வெளிறும். பான்தர் பச்சோந்தியின் தோலில் மிக நுண்ணிய படிகங்கள் அடுக்கடுக்காக இருப்பதையும், அவற்றுக்கிடையே உள்ள இடைவெளி கூடும்போது பச்சை மஞ்சளாகவும் ஒரேஞ்சாகவும் மாறுவதையும் 2015-இல் ஜெனீவா பல்கலைக்கழகத்தினர் காட்டினார்கள். அது நடந்தது வளர்ந்த ஆண்களிடம், எதிராளியையோ பெண்ணையோ கண்டபோது. இனி நீ தினமும் காலையில் விளக்குப் போடுவதற்கு முன்னும் பின்னும் அதன் நிறத்தைக் குறித்து வை. முட்டையிட்ட பிறகு அது மறுபடி வெளிறுகிறதா என்று எனக்கு எழுது. பகலில் விளக்கின் கீழேயே கறுத்து, கண் மூடியிருந்தால் அம்மாவிடம் உடனே சொல்.

கேள்வி: ஹவாயில் பிடித்த ஜாக்சன் பச்சோந்தி ஒன்றை நண்பர் கொடுத்தார். மூன்று கொம்புள்ள ஆண். நல்லது என்று தினமும் கால்சியம், டி3, வைட்டமின் தூள் போட்டுவருகிறேன். இப்போது கழுத்தின் இரு பக்கமும் பை போல வீங்கியிருக்கிறது. அடிக்கடி வாயைத் திறந்து வைத்திருக்கிறது. என்ன செய்வது, டாக்டர்?
— ஒரு வாசகர், சான் ஹோசே

பதில்: தூளை இன்றோடு நிறுத்துங்கள். ஜாக்சன் கென்ய மலைச்சாரலின் பச்சோந்தி; மலையினங்களுக்கு வைட்டமின் தூள் அளவு மீறினால் கழுத்தில் நீர் கோத்துக்கொள்வதை அடிக்கடி பார்க்கிறோம். டி3 இல்லாத வெறும் கால்சியத்தை வாரத்துக்கு ஓரிரு முறை, தூவியது தெரியாத அளவுக்கு லேசாகப் போட்டால் போதும். டி3, வைட்டமினை மருத்துவர் சொன்ன பிறகு மாதம் ஓரிரு முறை மட்டும் சேர்க்கலாம். தண்ணீரைக் கூட்டுங்கள். சில வாரத்தில் வீக்கம் வடியவில்லை என்றால் இரத்தப் பரிசோதனை அவசியம். சிறுநீரகக் கோளாறிலும் கிருமித் தொற்றிலும் இதே வீக்கம் வரும்.

வாய் திறப்பதை நேரம் பார்த்துக் கவனியுங்கள். விளக்கின் கீழே மட்டும் வெளிறிய நிறத்தோடு வாயைத் திறந்தால் சூடு அதிகம். வெயில் காயும் இடம் 27, 28 டிகிரியைத் தாண்ட வேண்டாம். இரவில் 10 முதல் 16 டிகிரி வரை இறங்குவது இதற்குத் தேவை. உங்கள் ஊரில் சன்னலைத் திறந்து வைத்தாலே பல மாதம் கிடைத்துவிடும். விளக்கை விட்டுத் தள்ளியிருக்கும்போதும், காலைக் குளிரிலும் தலையை மேலே தூக்கி வாயைத் திறந்தால், ‘டிக் டிக்’ என்று சத்தம் கேட்டால், வாய்க்குள் நுரை தெரிந்தால், அது சுவாசத் தொற்று. மருத்துவரிடம் போக வேண்டும், வீட்டு வைத்தியம் பலிக்காது.

வெளியே மட்டும் விட்டுவிடாதீர்கள். 1972-இல் ஒவாஹு தீவுக்குச் செல்லப்பிராணி வியாபாரத்துக்காக வந்த சில ஜாக்சன்கள்தான் இன்று ஹவாய் முழுக்கப் பரவியிருக்கின்றன. உலகில் வேறெங்கும் இல்லாத ஹவாய் மர நத்தைகள் அவற்றின் வயிற்றில் கண்டெடுக்கப்பட்டிருக்கின்றன. கலிபோர்னியாவின் சில கடற்கரை ஊர்களிலும் ஜாக்சன் ஏற்கெனவே வேர் பிடித்துவிட்டது.

கேள்வி: ஜொகூரில் நண்பரிடம் பச்சோந்தி இருக்கிறது. சிங்கப்பூருக்குக் கொண்டுவந்து வளர்க்கலாமா?
— ஒரு வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: கூடாது. சிங்கப்பூரில் வீட்டில் வளர்க்க அனுமதியுள்ள ஊர்வன இரண்டு ஆமைகள்தான்: சிவப்புக்காது ஆமை, மலாயாப் பெட்டி ஆமை. எல்லையில் பிடிபட்டால் உங்களுக்குத் தண்டனை, பச்சோந்திக்கும் நல்ல கதி இருக்காது.

கேள்வி: எங்கள் தோட்டத்து வேலியில் பிள்ளைகள் பச்சோந்தி ஒன்றைப் பிடித்து வந்து அட்டைப்பெட்டியில் வைத்திருக்கிறார்கள். விட மனமில்லை என்கிறார்கள். எப்படி வளர்ப்பது, டாக்டர் அம்மா?
— ஒரு வாசகர், விருதுநகர் மாவட்டம்

பதில்: வளர்க்கக்கூடாது, ஐயா. நம் நாட்டுப் பச்சோந்தி 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டது. பிடிப்பது, வைத்திருப்பது, விற்பது, மூன்றும் குற்றம். வெளிநாட்டு இனம் என்றால் தப்பிக்கலாம் என்றும் இல்லை. சைட்டிஸ் பட்டியலில் உள்ள உயிரினங்களை வைத்திருப்போர் பதிவு செய்ய வேண்டும் என்று 2024-இல் விதிகள் வந்துவிட்டன.

சட்டத்தை விட்டுவிட்டாலும், மேலே ஸ்கார்பரோ சகோதரிக்கு எழுதியதைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுங்கள். அவ்வளவு விளக்கும் கூண்டும் மருத்துவரும் தேவைப்படுவது காட்டை விட்டு வெளியே வந்ததால்தான். உங்கள் வேலியில் அதற்கு எல்லாம் இலவசமாக இருக்கிறது: வெயில், பனித்துளி, வெட்டுக்கிளி. பருத்தியும் கம்பும் போடும் தோட்டத்தில் பூச்சி தின்னும் ஒரு உயிர் வேலியிலேயே குடியிருப்பது உங்களுக்கும் லாபம். கடித்தால் விஷம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பச்சோந்திக்கு விஷமே கிடையாது.

உடம்பில் காயம் இருந்தால் அருகிலுள்ள வனத்துறை அலுவலகத்துக்குத் தகவல் சொல்லி ஒப்படையுங்கள். காயமில்லை என்றால், பெட்டிக்குள் ஒரு குச்சியை வைத்தால் தானாகக் கவ்விக்கொள்ளும். நாளைக் காலை வெயில் ஏறுவதற்குள், பிள்ளைகளையே அந்தக் குச்சியைத் தூக்கிவரச் சொல்லி, பிடித்த அதே வேலியில், அடர்ந்த இடமாகப் பார்த்து, தலை உயரத்தில் செருகி வையுங்கள். கையால் இழுத்துப் பிரிக்க வேண்டாம். விரல் நகம் பெயர்ந்துவிடும். வேறு ஊருக்கோ காட்டுக்கோ கொண்டுபோய் விடவும் வேண்டாம். அது தன் வேலியை அறியும். சாலையோர வேலியாக இருந்தால் தோட்டத்துப் பக்கமாகச் செருகுங்கள். பிள்ளைகள் தள்ளி நின்று படம் எடுக்கட்டும். படத்தை வெளியே பகிர்ந்தால் ஊர்ப் பெயரையும் இடத்தையும் போட வேண்டாம்; பச்சோந்தி பிடித்து விற்பவர்களும் அந்தப் படங்களைப் பார்க்கிறார்கள்.